அந்தத் தாளை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாட என்னென்ன இருக்கிறது என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தாயம், பல்லாங்குழி, கேரம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்ததே எனக்குச் சந்தோஷம், அதில் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பத்தியின் முடிவில், கதையில் வரும் நம் ஆளின் விவரம் எழுதுகிற கேரக்டர் ஷீட்டை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்து நிரப்பினால் போதும், ஆட்டம் தயார் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். போதாது. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சியில் 22 வருஷமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பில் புக், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ரேங்க் கார்டு, கட்டட மேஸ்திரிக்கு வவுச்சர் என்று கோடும் கட்டமும் போட்டே காலம் ஓடுகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு கல்லூரிப் பையன்களும் ஒரு பெண்ணும் பென் டிரைவோடு வந்து, "அண்ணா, இதில் அஞ்சு செட்" என்றார்கள். மூன்று மூன்று பக்கம், எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள், ஓரத்துக் கட்டமெல்லாம் வெட்டுப்பட்டிருக்கிறதாம்.

என் மெஷின்மேல் தப்பில்லை. அந்த ஃபைல் அமெரிக்காவில் செய்தது. அங்கே நம்முடைய ஏ4 தாளைப் பயன்படுத்துவதில்லை, அவர்களுக்கு லெட்டர் என்ற அளவு. 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். ஏ4 தாளோ 210-க்கு 297. அப்படியே அச்சுக்கு விட்டால் பக்கவாட்டில் அடிபடும், பக்கத்துக்குப் பொருத்து என்று கொடுத்தால் எழுத்தெல்லாம் சுருங்கி மேலும் கீழுமாக ஒரு அங்குலம் வெள்ளை சும்மா கிடக்கும். இடத்தை வீணாக்கினால் எனக்கு ஆகாது, தொழில் புத்தி. "இது என்ன அப்ளிகேஷன்பா, நான் ஏ4-க்கே புதுசாகப் போட்டுத் தருகிறேன்" என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லி, டிஎம் என்பார்கள். மற்ற ஒவ்வொருவருக்கும் கதைக்குள் ஒரு ஆள். இருட்டுக் குகை வாசலில் நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று டிஎம் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். உங்கள் ஆளுக்கு எவ்வளவு பலம், என்ன தெரியும், கையில் என்ன இருக்கிறது, இன்னும் எத்தனை அடி தாங்குவான் என்பதெல்லாம் எழுதி வைக்கிற தாள்தான் கேரக்டர் ஷீட். ஆதார் அட்டையும் டாக்டர் சீட்டும் பேங்க் பாஸ்புக்கும் ஒரே தாளில் இருந்தால் எப்படி, அப்படி. "என் ஏசி 16" என்று ஒரு பையன் சொன்னபோது, இந்த மழையில் எதற்கு இவ்வளவு குளிரில் வைக்கிறான் என்று நினைத்தேன். கவசத்தின் எண்ணாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒன்று கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். படிவத்தில் எதற்குக் கட்டம் இருக்கிறதோ அதைத்தான் ஆள் யோசிப்பான். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு வருஷக்கணக்காக பில் புக் அடித்துக் கொடுத்தேன், அதில் 'பாக்கி' என்ற கட்டமே கிடையாது. அவரும் பாக்கியை எழுதியதில்லை, கேட்டதும் இல்லை. ஒருமுறை அடியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று நானாக ஒரு கட்டம் சேர்த்துப் போட்டேன். மூன்றே மாதத்தில் அந்தத் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கேரக்டர் ஷீட்டுக்கும் இதே கதைதான். முதல் பக்கம் முழுக்க வாளும் கவசமும் அடியும் என்று கட்டம் போட்டால், எதிரே வருகிறவன் யார் என்று கேட்பதற்கு முன்னால் பிள்ளைகள் வாளை உருவுவார்கள். அவர்கள்மேல் குறை இல்லை, தாள் அப்படிச் சொல்கிறது.

இந்த ஆட்டம் 1974-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. முதல் பதிப்பு ஆயிரம் பெட்டி, பெட்டி பத்து டாலர். உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். ஆனால் அச்சடித்த கேரக்டர் ஷீட் என்று ஒன்று அந்தப் பெட்டியில் கிடையாது! ஒரு ஆளை எப்படிக் குறித்துக்கொள்வது என்று புத்தகத்துக்குள் சின்னதாக ஒரு மாதிரி மட்டும் கொடுத்திருந்தார்கள். பேர், என்ன வகை ஆள், பலம், அறிவு என்று ஆறு குணங்களுக்கு ஆறு எண்கள், கையில் எவ்வளவு தங்கம், எவ்வளவு அனுபவம், அவ்வளவுதான். மற்றதை விளையாடியவர்கள் தாங்களே கோடு போட்டு வரைந்துகொண்டார்கள். ஆக, நான் சொல்வது புதுசு ஒன்றும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். கம்பெனி தாள் அச்சடித்து விற்றதெல்லாம் அப்புறம்.

பையன்கள் சிநேகமான பிறகு வேறு வேறு ஆட்டங்களின் தாள்களையும் கொண்டுவந்து காட்டச் சொன்னேன். எனக்கு ஆட்டத்தைவிடத் தாள்மேல்தான் முதலில் ஆசை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால் ஆஃப் கதுலு என்று 1981-இல் வந்த பேய்க்கதை ஆட்டம் ஒன்று. அதன் பழைய தாளில் 'சித்த சுவாதீனம்' என்பதற்கு 0 முதல் 99 வரை எண்களை வரிசையாக அச்சடித்திருப்பார்கள். பயங்கரம் எதையாவது பார்க்கும்போதெல்லாம் உங்கள் எண் கீழே கீழே இறங்கும், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும், பூஜ்யத்துக்கு வந்தால் உங்கள் ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, உங்கள் கையை விட்டுப் போய்விடுவான். விதியைப் படிக்காதவன்கூட அந்த எண் வரிசையைப் பார்த்தவுடன் இது என்ன மாதிரி ஆட்டம் என்று சொல்லிவிடுவான். அதே தாளில் ஒவ்வொரு திறமைக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம் இருக்கும். அந்தத் திறமையைப் பயன்படுத்தி ஜெயித்தால் டிக் போடுவது, ஆட்டம் முடிந்த பிறகு டிக் போட்டதற்கெல்லாம் பகடை உருட்டி, கொஞ்சம் ஏறுகிறதா என்று பார்ப்பது. செய்யச் செய்யத்தான் கை பழகும் என்பதை ஒரு சதுரத்தில் அடக்கிவிட்டார்கள்.

1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் ஒரு ஆளின் ஆறு குணங்களும் வெறும் ஆறு எழுத்து. 777777 என்று எழுதினால் எல்லாவற்றிலும் நடுத்தரமான ஆள். பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி, பன்னிரண்டுக்கு சி. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு போய்விடலாம். அந்த ஆட்டத்தின் பெரிய தாளை, அந்தக் கற்பனை உலகத்தில் உள்ள ஒரு பயணிகள் சங்கத்தின் அலுவலகப் படிவம் மாதிரியே போட்டிருந்தார்கள், எனக்கு அதைப் பார்த்து வயிற்றெரிச்சல். (ஆளை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே, அந்த ஆள் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு அதில். எங்கள் தெரு அரசு அலுவலக வரிசை ஞாபகம் வந்தது.) 1991-இல் வந்த வாம்பயர் ஆட்டத்தில் எண்ணே எழுத வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அஞ்சு வட்டம், எத்தனை வட்டத்தைக் கறுப்பாக்குகிறோமோ அத்தனை பலம். தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் எதில் கெட்டி என்று தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு. ஒன்று, பிளேட்ஸ் இன் தி டார்க், திருடர்களின் கதை, ஜான் ஹார்ப்பர் எழுதியது. சாதாரணமாக இந்த மாதிரி ஆட்டங்களில் கிளம்பும் முன்னால் கயிறு எத்தனை அடி, தீவட்டி எத்தனை என்று கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் போடுகிற மாதிரி ஒரு மணி நேரம் போய்விடும். இதில் மூட்டை லேசா, நடுத்தரமா, கனமா என்பதை மட்டும் முதலில் சொன்னால் போதும். முறையே மூன்று, ஐந்து, ஆறு கட்டம். உள்ளே போய்ப் பூட்டு குறுக்கே வந்தால் அப்போது கள்ளச்சாவிக்கு டிக் போட்டுக்கொள்ளலாம், கை தேர்ந்த திருடன் அதை மறந்துவிட்டா வந்திருப்பான்? இன்னொன்று மவுஸ்ரிட்டர், எலிகள் கத்தி கட்டிக்கொண்டு அலைகிற ஆட்டம். சாமான்களைத் தாளில் எழுதுவதே கிடையாது, சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி, தாளில் உள்ள பத்துக் கட்டங்களில் அடுக்க வேண்டும். பசி, களைப்பு என்பதும் அட்டைதான், அதுவும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பசித்தவனால் நிறையத் தூக்க முடியாது என்று விதி எழுதிப் புரியவைக்கத் தேவையே இல்லை, இடம் இல்லை, அவ்வளவுதான். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும், உங்கள் கட்டுரையாளர் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஒரு மருந்துக் கதை. என் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட இடம் கொடுத்தேன், நானும் சேர்ந்துகொண்டேன். அந்தக் குழுவில் இருந்த பெண் வைத்திருந்தது ஒரு வாள்வீராங்கனை. ஐந்து மாதமாக வளர்த்த ஆள். ஒரு சண்டையில் ஹெச்பி, அதாவது இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண், ஐந்துக்கு வந்துவிட்டது, இன்னும் ஒரு அடி விழுந்தால் விழுந்துவிடுவாள் என்று தெரிந்தும் வேறு வழியில்லை என்று வாளை வீசினாள், பகடை கைகொடுக்கவில்லை, பதிலுக்கு வந்த அடியில் சாய்ந்தாள். விழுந்தவர்களுக்கு ஒரு விதி உண்டு, ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்ட வேண்டும், பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒரு நல்ல வட்டம், குறைந்தால் ஒரு கெட்ட வட்டம், எது முதலில் மூன்று ஆகிறதோ அதுதான் முடிவு. மூன்றும் கெட்டதாகவே விழுந்தது. அன்றைக்கு யாரும் டீகூடக் குடிக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்தலாம் என்று எடுத்துத் திருப்பிப் பார்த்தால், இரண்டாம் பக்கத்தில், தலைமுடி நிறம், கண் நிறம் என்றெல்லாம் இருக்கிற பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில் 'மருந்து 2' என்று எழுதியிருக்கிறது. காயம் ஆற்றுகிற மருந்து. ஒரு பாட்டில் குடித்திருந்தால் நான்கு முகப் பகடை இரண்டு உருட்டி, இரண்டைக் கூட்டி, அவ்வளவு உயிர் திரும்பியிருக்கும். முன்பக்கத்தில் சாமான் எழுதும் கட்டம் நிரம்பிப்போனதால் பின்னால் எழுதியிருக்கிறாள். எழுதியது அவளுக்கும் ஞாபகம் இல்லை, பக்கத்தில் இருந்த எங்களுக்கும் தெரியாது.

அவசரத்தில் யாரும் தாளைத் திருப்ப மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் தாளை உட்கார்ந்து வரைந்தேன்.

எப்படி வரைந்தேன் என்றால், முதல் காரியமாக எல்லாரிடமும் நாலைந்து வாரம் ஓடிய பழைய தாள்களைக் கேட்டு வாங்கி, ரப்பர் போட்டு அழித்து எங்கெங்கே தாள் மஞ்சளடித்து நைந்திருக்கிறது என்று பார்த்தேன். ஹெச்பி கட்டம் ஐந்து பேருக்குமே கந்தல். தங்கம், அம்பு எண்ணிக்கை, அதற்கடுத்து. மாறாக, ஆறு குணங்களுக்கும் போட்ட பெரிய பெரிய கட்டங்களில் எழுதிய எழுத்து எழுதியபடியே புதுசாக இருக்கிறது, மாசக்கணக்கில் மாறாத ஒன்றுக்கு இடது பக்கத்தில் முழு நீளத்துக்கும் இடம்! அப்புறம் முதல் ஆளாக ஹெச்பியைத் தூக்கி மேலே நடுவில் வைத்தேன். கட்டமாகப் பிரிக்கவில்லை, தீப்பெட்டி அகலத்துக்கு வெறும் வெள்ளை. அழிக்க வேண்டாம், 31 என்று எழுதி அடித்துவிட்டு 24, அதை அடித்துவிட்டு 19 என்று எழுதிக்கொண்டே போகலாம். ஆட்டம் முடிந்து பார்த்தால் அன்றைக்கு எப்படி அடி வாங்கினோம் என்ற சரித்திரமே அதில் இருக்கும். அம்புக்குக் கோடு போட்டு எண்ணுகிற வரிசை, நாலு கோடு, குறுக்கே ஒன்று. மருந்துக்குத் தனியாக, ஹெச்பிக்கு ஒட்டி, சீசா வடிவத்தில் மூன்று படம், குடித்தால் கறுப்படித்துக்கொள்ள வேண்டியது. அந்தச் சீசாக்களை மட்டும் அந்தப் பெண்ணே வரைந்து கொடுத்தாள்.

குணங்களின் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலம் 16 என்று இருந்தால் ஆட்டத்தில் அந்தப் பதினாறை யாரும் கூப்பிடுவதே இல்லை. பத்தைக் கழித்து, பாதியாக்கி, கீழ்ப்பக்கமாக முழு எண் எடுத்தால் மூன்று, பகடையோடு அந்த மூன்றைத்தான் கூட்டுகிறோம். 15 என்றால் இரண்டு, 8 என்றால் ஒன்று குறையும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஆறு குணத்துக்கும் இதே கணக்கு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் தாளிலோ ஒரு பெரிய கட்டமும் அடியில் ஒரு சின்ன வட்டமும் இருக்கும், எதில் எதை எழுதுவது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தாளில் +3 என்பதுதான் கொட்டை எழுத்தில், பதினாறு மூலையில் பொடியாக, பஞ்சாங்கத்தில் ராகு காலம் போடுகிற மாதிரி.

அப்புறம் தமிழ். இதில்தான் ரெண்டு மாதம் போனது. ஆங்கிலத்தில் குணங்களின் பேரை மூன்று மூன்று எழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள், நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முதலில் அகராதியைப் பார்த்து 'ஞானம்' என்று ஒன்றுக்கு மொழிபெயர்த்தேன், எல்லாரும் அதைச் சாமியார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்தில் அந்தக் குணம் எதற்கு வருகிறது என்று பாருங்கள். புதருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைக் கவனிப்பது, எதிராளி பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்துப் பிடிப்பது, மிரண்ட குதிரையை அடக்குவது. அது ஞானமா? எங்கள் மேசையில் அதற்கு 'விழிப்பு' என்று பேர் வைத்தோம். ஆளைக் கவர்வதற்கு வசீகரம் என்று போட்டால் முகத்துக்குப் பூசுகிற கிரீம் விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சிரித்தான். அதை வைத்துச் செய்வதெல்லாம் சமாதானம் பேசுவது, புளுகுவது, மிரட்டுவது. அதனால் 'பேச்சு'. பாட்டுக்காரனாக விளையாடியவன் மட்டும், அப்போ நான் பாடுவது எதில் சேரும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, எனக்கு வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை, உங்கள் வாசகர்கள் யாராவது சொன்னால் மாற்றிவிடுவேன். ஆக, பலம், லாவகம், திடம், அறிவு, விழிப்பு, பேச்சு. இதில் ஒரு தற்செயலான அதிர்ஷ்டம், ஆறுக்கும் முதல் எழுத்து வேறு வேறு: ப, லா, தி, அ, வி, பே. மூன்று எழுத்துச் சுருக்கம் வேண்டாம், ஒரு எழுத்தே போதும்!

எழுத்து அளவு. ஆங்கிலத்தில் ஏழு பாயின்ட்டில் போட்டாலும் கண்ணுக்கு எட்டும். தமிழில் ஏழு பாயின்ட் என்பது எறும்பு ஊர்ந்த தடம். மேலே கொக்கி, கீழே சுழி என்று வருவதால் வரிக்கும் வரிக்கும் இடைவெளியும் கூடுதலாக வேண்டும், அதனால் பத்துக்குக் கீழே இறங்காதீர்கள். அப்படியானால் இடம் பத்தாதே என்றால், ஆமாம், பத்தாது, அதுதான் நல்லது. அப்போதுதான் எதைத் தூக்கி எறிவது என்று யோசிப்பீர்கள். பதினெட்டுத் திறமைகளையும் எல்லாருக்கும் அச்சடிக்கிற வழக்கத்தை நான் அப்படித்தான் விட்டேன். அந்த ஆளுக்குக் கைவந்தது நாலோ ஐந்தோ இருக்கும், அதை மட்டும் எழுதிக்கொள்ள ஆறு வரி. மற்றதற்கெல்லாம் குணத்தின் எண்ணே போதும்.

இன்னொரு பெரிய வெட்டு, முன்கதைக்கு விடுகிற அரைப் பக்க வெள்ளை. பரீட்சை பேப்பர் மாதிரி அதைப் பார்த்தவுடன் பிள்ளைகளுக்குப் பேனா நகராது. அந்த இடத்தில் நான் மூன்று கேள்வி போட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. சொந்த ஊரில் யாருக்குக் கடன் பாக்கி? யாரை ஏமாற்றிவிட்டு வந்தாய்? இந்த மேசையில் இருப்பவர்களில் யாரை முழுசாக நம்பமாட்டாய்? மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் என் ஆளின் பேரையே எழுதியிருந்தார்கள், நான் அதில் மருந்து வியாபாரி.

தாளைப் பற்றி இதுவரை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். சாதாரண 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) ஜெராக்ஸ் தாள் மூன்றாவது அழிப்பில் கிழியும். பளபளப்பாக இருக்கிறதே என்று ஆர்ட் பேப்பரில் போட்டால் பென்சில் பிடிக்காமல் வழுக்கும். 120 ஜிஎஸ்எம் அளவில் மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள் கிடைத்தால் வாங்குங்கள், பென்சில் நன்றாக ஏறும், அழித்தாலும் தாங்கும். அழகுக்காகக் கட்டங்களுக்குள் சாம்பல் நிறம் கொடுக்கிறார்கள், ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தால் அது அழுக்குத் திட்டாகிவிடும், அதன்மேல் எழுதினாலும் தெரியாது, வெள்ளையாகவே விடுங்கள். ஓரத்தில் மூங்கில், கொடி, டிராகன் வால் என்று பார்டர் போடவும் வேண்டாம். இது என் வாயால் வரக்கூடாத வார்த்தை, கல்யாணப் பத்திரிகையில் பார்டர் போட்டுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், அந்த அரை அங்குலத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதலாம். ஏ4 தாளைப் பாதியாக மடித்துச் சின்னப் புத்தகம் மாதிரி செய்தால் இன்னும் வசதி. முன்பக்கத்தில் சண்டைக்கு வேண்டியது, உள்ளே மெதுவாகப் பார்க்க வேண்டியது, பின்பக்கம் சும்மா கிறுக்க.

எங்கள் குழுவில் ஒரு பையன் இடது கைக்காரன். தாளின் வலது பாதியில் எழுத எழுத, அவன் கை இடது பக்கத்து எண்களை மறைத்து, பென்சில் கரியை இழுத்து, ஆட்டம் முடிகிறபோது தாளும் கையும் ஒரே கறுப்பாக இருக்கும். அவனுக்கு மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாற்றி ஒரு தாள் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பத்து நிமிஷ வேலை. இத்தனை வருஷம் படித்த படிப்பில் தனக்காக யாரும் ஒரு தாளைத் திருப்பிப் போட்டதில்லை என்றான். எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏன் அண்ணா, போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 2012-இல் வந்த ரோல்20, 2017-இல் வந்த டிஅண்ட்டி பியாண்ட் என்று இந்த ஆட்டத்துக்கான இணையதளங்களை நானும் பார்த்திருக்கிறேன், குழுவில் ஒருவன் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு ஒரு வருஷம் அப்படித்தான் விளையாடினோம். ரோல்20-இல் வலைப்பக்கம் செய்யத் தெரிந்தவர்கள் தங்கள் தாளைத் தாங்களே வடிவமைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. முப்பது மந்திரம் தெரிந்த மந்திரவாதியாக விளையாடுபவருக்குத் திரைதான் சௌகரியம், அதில் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். ஆனால் அதில் பழகியவனிடம், உனக்கு ஐந்து எங்கிருந்து கூடுகிறது என்று கேட்டால் முழிக்கிறான், மெஷின் சொன்னது என்கிறான். கையால் கூட்டி எழுதியவனுக்கு அது தெரியும். புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு ஆளையாவது பென்சிலில் செய்யட்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. தட்டெழுதி நிரப்புகிற பிடிஎஃப் தாள்களில் தமிழை அடித்தால், பல நேரம் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடுகிறது. பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை யூனிகோடு என்று கொண்டுவந்து கொடுக்கிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்கே அதைச் சரிசெய்ய முடியவில்லை.

தமிழில் போட்டு வெளியே கொடுத்தால் கம்பெனிக்காரன் சும்மா விடுவானா என்று ஒரு வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 ஜனவரியில் உரிம விஷயத்தில் பெரிய ரகளை ஆகி, அந்த மாதக் கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை மட்டும் ஒரு தொகுப்பாக கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டுவிட்டு அந்தத் தொகுப்பை யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அவர்களுடைய சின்னத்தையும் படங்களையும் எடுத்துப் போடக்கூடாது, அது வேறு. நம் தாளுக்கு அவை தேவையும் இல்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் சிறுவர் பக்கத்தில் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கினால், எங்கள் தாளின் எளிய வடிவம் ஒன்றை அச்சுக்குத் தயாராகவே அனுப்பித் தருகிறேன், காசு வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். செய்தித்தாள் மெல்லிசு, பின்பக்கத்து மை இந்தப் பக்கம் தெரியும். அதனால் அதற்குப் பின்னால் நகைக்கடை விளம்பரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாப் பக்கத்தில் வெள்ளை இடம் எங்காவது இருக்கும். பிள்ளைகள் வெட்டி எடுத்தால் பெரியவர்களுக்குப் பின்பக்கம் போய்விடுமே என்று தோன்றினால் ராசிபலன் பின்னால் வருகிற மாதிரி போடுங்கள், காலையிலேயே படித்து முடித்திருப்பார்கள்.

இந்தக் கடிதம் நீளம் என்று எனக்கும் தெரியும். வெட்ட வேண்டியிருந்தால் டிராவலர் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள், இடது கைக்காரனைப் பற்றியதை மட்டும் விட்டுவையுங்கள், அவன் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறான்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு டிடிபி கடைக்காரன்